விமானப் பயணமும் குரோஷா ஊசியும்

அயல்நாடு செல்லும் அங்கத்தினர்கள், குரோஷா ஊசியைக் கைப்பையில் கொண்டுபோகலாமா என்று நம்மை வினவுவதுண்டு. ஐக்கிய அமெரிக்க விமான நிலையங்களில் ஊசிக்கும் நூலுக்கும் தடையில்லை. தொல்லை தருவது வெட்டும் கருவியே. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் அங்கே கத்தரிக்கோல் விலக்கப்பட்டிருந்தது. 2005 டிசம்பரில்தான், இணைப்பாணியிலிருந்து முனைவரை 4 அங்குலத்துக்குக் குறைந்தவை மீண்டும் அனுமதிக்கப்பெற்றன. பிரிட்டனிலோ அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. ஆகவே வரும்போது தப்பிய கத்தரி திரும்பும்போது பறிபோகக்கூடும். பதக்கம்போல் கழுத்திலணியும் வட்ட நூல்வெட்டி பார்வைக்குச் சாதுவானது. ஆயினும் உள்ளே அலகு மறைந்திருப்பதால், அமெரிக்காவில் அது சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில்தான் செல்லவேண்டும். நகவெட்டிக்கு அங்கே தடையில்லை. நூலறுக்க அதுவே போதும்.

எவ்விதியிருப்பினும் சோதனை அதிகாரியின் சொல்லே முடிவானது. பாட்டியார் விட்டுச்சென்ற எஃகு ஊசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மலிவான மூங்கில் ஊசி ஒன்றை எடுத்துச் செல்க.

ஊசியே பறிபோயினும் வேலை கெடாது. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுதும் ஊசியில் நிற்கும். ஊசியை உருவினால் அத்தனையும் அவிழத் தொடங்கும். சாதாரணக் குரோஷாவிலோ திறந்திருக்கும் கண்ணி ஒன்றே. அதனை நீள இழுத்து, நூலுண்டையை அதனுள் நுழைத்து இறுக்கிவிட்டால் ஒரு வரிசையும் பிரியாது. ஊர் சேர்ந்தபின் உண்டையை வெளியே எடுத்து, வேறோர் ஊசியால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.