சுவரிலே கறுப்புப் படர்ந்தால்

மாரி ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கும் நாட்களில்தான் இது எமது கண்ணில் படுகிறது. சுவரின் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாய்க் கறுத்திருக்கும். பாயைத் தூக்கினால் அடியிலே பச்சை. பெட்டியைத் திறந்தால் மக்கல் மணம். பழந்துணியால் துடைத்து விடுகிறோம். பத்து நாளில் அதே இடத்தில் பூஞ்சணம் மறுபடியும் நிற்கும்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியோருக்கும், தறப்பாளின் கீழும் தகரக் கொட்டிலிலும் வாழ்வோருக்கும் இத்தொல்லை அதிகம். ஒரே அறையில் சமைத்து, ஈர உடுப்பை உலர்த்தி, அங்கேயே படுக்க வேண்டியிருக்கிறது. இரவில் தகரம் குளிர்ந்ததும் உள்ளே நிற்கும் நீராவி அதன் அடியில் வியர்த்துச் சொட்டும்.

பூஞ்சணத்தின் மேலே தெரியும் தூள் அதன் விதை போன்றது. காற்றில் எங்கும் உண்டு. ஒரு பொருள் ஒன்றிரண்டு நாள் நனைந்தபடி கிடந்தாலே அதற்குப் போதும், முளைத்துவிடும். ஆகவே நீர் வரும் வழியை அடைப்பதே முதல் வேலை. கூரை ஒழுக்கைப் பாருங்கள். சுவரோரம் மழைநீர் தேங்காமல் வெளியே வாய்க்கால் வெட்டுங்கள். கூரைக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி விடுங்கள். இவற்றைச் செய்யாமல் மருந்து பூசுவது களையின் தலையை மட்டும் கிள்ளுவது போன்றதுதான்.

காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் கூட்டவே கூடாது. தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். முட்டு, தொய்வு உள்ள பிள்ளைகளையும் முதியோரையும் வெளியே இருத்திவிட்டு, கதவு யன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து தொடங்குங்கள்.

சீமெந்துச் சுவரையும் நிலத்தையும் முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பெரும்பங்கு வேலை இதிலேயே முடிந்துவிடும் என்பதே எமது எண்ணம். பின்னர், கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளில் மட்டமாக ஒரு மேசைக்கரண்டி எடுத்து, பிளாஸ்ரிக் வாளியில் உள்ள 1 லீற்றர் தண்ணீரில் இட்டுக் கலக்குங்கள். தூள் அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மாத்திரம் பூசி, 10 நிமிடம் விட்டுக் கழுவித் துடையுங்கள். போத்தலில் வாங்கும் குளோரின் திரவமாயின் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் போதும். கூடப் போட்டால் கூடச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். கண்ணும் தொண்டையும் எரிவதே மிச்சம். கலந்த நீரை வைத்திருந்தால் வலுக் குறையும். அன்றன்று கலக்குங்கள்.

மரத்துக்கு இது அவ்வளவு உதவாது. மேலே நிறம் வெளிறும், உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். கதவு, மேசை, அலுமாரிக்குச் சவர்க்காரமோ தண்ணீர் சேர்க்காத வினாகிரியோ நல்லது. வினாகிரியைப் பூசி ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்து வெயிலில் வையுங்கள். மண் சுவரைக் கழுவ முடியாது. ஈரத் துணியால் ஒற்றி, பழுதான பகுதியைச் சுரண்டி, நன்கு காய்ந்தபின் புது மண் பூச வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். குளோரினையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. எலுமிச்சம்புளி, மலகூடம் கழுவும் அமிலம் ஆகியவற்றோடும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் சிறுநீர் கழித்த பாயில் குளோரினை ஊற்றினாலும் நெஞ்சை அடைக்கும் வாயு வரும்.

சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் இலகுவில் முளைக்காது. நத்தாருக்கு முன் அவசரப்பட்டு அடிப்பதிலும் பார்க்க, மழை குறைந்து பொங்கலை அண்டி அடிப்பது நிலைக்கும். கண்ணில் பட்டால் சுடும், கவனம்.

துணிகளை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் தோய்த்து வெயிலில் காயவிடலாம். உள்ளே பஞ்சு நனைந்து மணக்கும் தலையணையையும் மெத்தையையும் கைவிடத்தான் வேண்டும். மனம் வராதுதான், ஆனால் அதில்தான் பிள்ளையின் மூக்கு இரவெல்லாம் கிடக்கிறது.

வீட்டுக்குள்ளேதானே மூட்டைகளும் இருக்கின்றன. அவற்றைச் சுவரில் முட்டாமல் பலகையின் மேல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம், செத்தல் மிளகாயைக் கழுவியோ வறுத்தோ காப்பாற்ற முடியாது. அதில் ஊறும் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு சூட்டுக்கு இலகுவில் அழியாது. ஈரலில் புற்றுநோய் வரச் செய்யும். கோழிக்குப் போடலாம் என்பதும் தவறு. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தது இத்தகைய கச்சான் பிண்ணாக்கைத் தின்றுதான்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றில் பூஞ்சணம் கண்டால் மேலே சொன்ன எந்த மருந்தும் வேண்டாம். ஈரத் துணியும் வேண்டாம். ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காமல், எழுத்து மங்காதபடி நிழலில் காற்றோட்டமாகப் பரப்புங்கள். நன்கு காய்ந்தபின் முற்றத்தில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். உடனேயே நிழற்படப் பிரதி எடுத்து, அதை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தில் சற்றேனும் ஈரம் இருக்கும்வரை பொலித்தீன் பையில் இட்டுக் கட்டாதீர்கள்.