அவனியாபுரம் பகுதியில் நடவு ஆட்களின் குறைவும் அதற்குரிய பரிகாரமும்

நன்செய்ப் பயிருக்கு நீரும் எருவும் நல்வித்தும் எவ்வளவு அவசியமோ, உரிய நாளில் ஆட்கள் கிடைப்பதும் அவ்வளவு அவசியமாகும். மதுரைக்குத் தெற்கே அவனியாபுரத்தையும் அதைச் சூழ்ந்த கண்மாய்ப் பாசனக் கிராமங்களையும் சேர்ந்த குடியானவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்கள் அகப்படுவதில்லையென்று முறையிடுகின்றனர். முறையீடு உண்மையே. ஆயினும் காரணத்தைச் சரிவர ஆராயாமல் பரிகாரந் தேடுவது பயன் தராது.

தை முதல் நாள் ஜல்லிக்கட்டினால் நாடறிந்த அவனியாபுரம், 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. விமான நிலையமும் கப்பலூர்த் தொழிற்பேட்டையும் அருகிலேயே உள்ளன. ஆண்மக்கள் கட்டட வேலைக்கும் கிடங்குகளுக்கும் செல்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி பஞ்சாலை ஏற்பட்ட காலந்தொட்டே நகரம் கிராமத்து ஆட்களை இழுத்து வந்திருக்கிறது. வருஷம் முழுவதும் கிடைக்கும் கூலியை விட்டு, போகத்துக்குச் சில நாட்களே வேலை தரும் வயலுக்கு அவர்கள் திரும்புவார்களென்று எண்ணுவது நியாயமன்று.

எனினும் ஆட்களின் தொகை குறைந்துவிட்டதென்று மட்டும் சொல்லித் தீர்த்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஜனக் கணிதப்படி சாகுபடியாளர் சுமார் 51 லட்சம், விவசாயத் தொழிலாளர் சுமார் 86 லட்சம். 2011-இல் முன்னவர் 42 லட்சமாகக் குறைய, பின்னவர் 96 லட்சமாகப் பெருகினர். அப்படியிருந்தும் ஆள் தட்டுப்பாடு ஏன்? கண்மாயில் நீர் வந்ததும் யாவரும் ஒரே வாரத்தில் நாற்று விடுகின்றனர். யாவருக்கும் ஒரே வாரத்தில் ஆட்கள் வேண்டியிருக்கிறது. முட்டுப்பாடு தலைக்கணக்கிலன்று, நாட்கணக்கிலேயே உள்ளது.

கிராம வேலை உறுதித் திட்டமே காரணமென்பாரும் உண்டு. 2005-ஆம் வருஷத்துச் சட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலை அளித்தது. 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 125 நாளென வகுத்து, விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் பணிகளை நிறுத்திவைக்கவும் இடமளித்திருக்கிறது. ஆனால் அத்திட்டம் நகர வார்டுகளுக்கு உரியதன்று. மேலும், வேறு வேலையை நிறுத்துவதனால் மட்டும் ஆட்கள் வயலுக்கு வந்துவிடமாட்டார்கள்.

தாமதத்தின் நஷ்டம் சிறிதன்று. மாதம் ஒன்றுக்கு வாரம் ஒன்றென்பது நாற்றின் வயதுக்குரிய கணக்கு. நாலு மாதப் பயிருக்கு நாலு வாரத்து நாற்றே தக்கது. முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும், மகசூலும் குறையும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யத்தக்கன. முதலாவது, ஒரே மடையில் பாயும் நிலக்காரர்கள் கூடிப் பேசி, நாற்று விடும் நாளை முறை வைத்துக்கொள்ளுதல். பாசன விவசாயிகள் சங்கமும் கிராம அதிகாரிகளும் இதனை முன்னின்று நடத்தலாம்.

இரண்டாவது, நடவு இயந்திரத்தைக் கூட்டாக வாடகைக்கு அமர்த்துதல். கைநடவுக்கு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வேண்டும்; இயந்திரமோ நாளொன்றுக்கு இரண்டு ஏக்கருக்குக் குறையாமல் நடும். இதற்குப் பாய் நாற்றங்கால் முறையில் பதினைந்து முதல் பதினெட்டு நாள் நாற்று வேண்டும். வயல் மட்டமாயும், நீர் மெல்லியதாயும் இருத்தல் அவசியம். வரிசை நடவாதலால் உருளும் களைக்கருவியையும் ஓட்டலாம்.

மூன்றாவது, எஞ்சியுள்ள ஆட்களை மதித்து நடத்துதல். நடவிலும் களையெடுப்பிலும் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சம வேலைக்குச் சம கூலியென்று 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தும், பெண்ணாளுக்குக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் நீங்கவில்லை. கூலியை அன்றன்றே கொடுத்து, குடிநீரும் நிழலும் வாகன வசதியும் அளிக்கும் நிலக்காரரையே ஆட்கள் முதலில் நாடுவர்.

நிலம் தரிசானால் அதனை மனையாக்க வருவோர் காத்திருக்கின்றனர். ஒருமுறை வீடெழும்பிய வயல் மறுபடி வயலாவதில்லை. வருகிற போகத்துக்கு நாற்று விடுமுன் ஒவ்வொரு மடையிலும் குடியானவர்கள் ஒருநாள் கூடிக் கலந்து இவற்றைத் தீர்மானித்துக்கொள்வார்களாக.