குலுக்கலுக்கு முன்பே முடிந்துவிடும் கணக்கு

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கரடி வேட்டைக்குப் போகத் துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது. குலுக்கலில் பெயர் விழவும் வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை கரடிகள் இருக்கின்றன, எத்தனை குறைந்தால் இனம் தாங்கும் என்று மாநில வனவிலங்குத் துறை கணித்து, அதற்கேற்ப அனுமதிகளை ஒதுக்குகிறது. விண்ணப்பங்கள் பல மடங்கு வருவதால், யாருக்குத் தருவது என்பதைக் குலுக்கல் தீர்க்கிறது. சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் வாழும் அலாஸ்காவின் கோடியாக் தீவுகளிலும் மாநிலவாசிகள் பெரும்பாலும் இப்படித்தான் அனுமதி பெறுகிறார்கள். சர்ச்சைகள் பெரும்பாலும் யாருக்கு அனுமதி கிடைத்தது என்பதையே சுற்றிவருகின்றன. கரடியின் தலைவிதியோ, எத்தனை அனுமதிகள் என்பதில் இருக்கிறது.

இதற்கு ஃபுளோரிடாவே சான்று. 2015-இல் அங்கே குலுக்கல் இல்லை. பணம் கட்டியவர்களுக்கெல்லாம் அனுமதி. 3,700-க்கும் மேல் விற்பனையாயின. மொத்தம் 320 கரடிகள் வரம்பு. எண்ணிக்கை அதை நெருங்கினால் வேட்டையை நிறுத்திவிடலாம் என்பது திட்டம். ஒரு வாரம் வரை நீளக்கூடிய வேட்டை, 304 கரடிகள் விழுந்த நிலையில் இரண்டே நாளில் மூடப்பட்டது. வரம்பு மீறவில்லையே என்று கேட்கலாம். மொத்தத்தில் மீறவில்லைதான், ஆனால் 40 கரடிகளே ஒதுக்கப்பட்டிருந்த கிழக்கு பான்ஹேண்டில் பகுதியில் நூற்றுக்கும் மேல் சுடப்பட்டன. கணக்கு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. 2025 டிசம்பரில் வேட்டை திரும்பியபோது 172 அனுமதிகள்தான், ஒன்றுக்கு ஒரு கரடி, குலுக்கல் முறையில். அனுமதி பெற்ற அத்தனை பேரும் சுட்டாலும் எண்ணிக்கை அதைத் தாண்ட வழியில்லை.

குலுக்கலும் பணக்காரருக்கே சாதகம் என்பார்கள். ஃபுளோரிடாவில் 2025-இல் 5 டாலர் வீதம் ஒருவரே எத்தனை விண்ணப்பமும் போடலாம் என்றிருந்ததால் அந்தக் குறை நியாயமானதே. 1,60,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. விஸ்கான்சினில் வேறு வழி: கிடைக்காதவருக்கு ஆண்டுதோறும் ஒரு புள்ளி சேரும், புள்ளி அதிகமுள்ளவருக்கே முன்னுரிமை. பணத்தின் செல்வாக்கு அங்கே குறைகிறது. பதிலுக்கு, சில பகுதிகளில் புதியவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. இரண்டுமே வேட்டைக்காரர்களுக்கு இடையிலான நியாயம்தான்.

வேட்டையை எதிர்ப்பவர்களும், அனுமதியைப் பெற்றுச் சுடாமல் விடுவதற்காக, இந்தக் குலுக்கலில் கலந்துகொள்கிறார்கள். 2018-இல் வயோமிங், 22 கிரிஸ்லி கரடிகள் வரை சுட அனுமதிக்க முடிவெடுத்தபோது, ஜேன் குடால் உட்படப் பலர் விண்ணப்பித்தனர். வனவிலங்குப் புகைப்படக்காரர் தாமஸ் மாங்கல்சனுக்கு அனுமதியே விழுந்தது. வேட்டை தொடங்குமுன் நீதிமன்றம் தடுத்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் இப்படி விண்ணப்பிப்பது முறைகேடு என்ற குற்றச்சாட்டு நிற்காது: வனவிலங்குகள் மக்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்து, அனுமதி என்பது சுடுவதற்கான உரிமை, கடமை அல்ல. ஆனாலும் இந்த உத்தி நீண்ட நாள் உதவாது. பயன்படாத அனுமதிகள் பெருகினால், அடுத்த ஆண்டு துறை எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம். கரடியைக் காக்க நினைப்பவரும் வேட்டையை ஆதரிப்பவரும் வாதாட வேண்டிய இடம், அந்த எண்ணிக்கையை முடிவுசெய்யும் மாநில வனவிலங்கு ஆணையத்தின் கூட்டமே.