கையுறை சூடு தருவதில்லை

மருத்துவர்கள் அணியும் ரப்பர் கையுறைகளை உலகிலேயே மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு நம் மலேசியாதான். ஆனால் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு பனி பெய்யும் ஊரில் சிறிது நேரம் நின்று பாருங்கள். விரல்கள் விறைத்துவிடும். அதே இடத்தில் ஒருவர் பழைய கம்பளிக் கையுறையுடன் நிம்மதியாக நிற்பார். ரப்பரில் ஒரு துளி நீர்கூட நுழையாது. கம்பளியிலோ எங்கு பார்த்தாலும் ஓட்டை. அப்படியிருக்க, ஓட்டை உள்ளதுதான் கையைக் காப்பாற்றுகிறது. ஏன்?

மின்விசிறியின் கீழேயே வியர்க்கும் பினாங்கில் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போகிறார்கள். அங்கே ஜனவரி மாதத்தில் மைனஸ் 20 பாகை செல்சியஸ் வியப்பான செய்தி அல்ல. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உறைந்த மீனையும் இறாலையும் அடுக்கி வைக்கும் கிடங்குகள் மைனஸ் 18 பாகையில் இயங்குகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் நம் ஊர்க்காரர்கள்தாம், எஸ்.பி.எம். முடித்துவிட்டு நீங்களே அங்கு வேலைக்குப் போகலாம். 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றிய எம். மகேந்திரனும் என். மோகனதாசும் நம்மவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். மே மாதத்திலும் அந்த உச்சியில் வெப்பநிலை சுழியத்துக்கு வெகு கீழேதான் இருக்கும்.

ஆனாலும் கையுறையைப் பற்றி மிக அதிகமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் மலையேறிகள் அல்லர், குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள். மலையேறி நடந்துகொண்டே இருப்பதால் அவர் உடலில் வெப்பம் உண்டாகிறது. வேட்டைக்காரரோ பனியில் அசையாமல் மணிக்கணக்கில் காத்திருக்கிறார். பிறகு ஒரே நொடியில் விரலால் நுட்பமான வேலை செய்ய வேண்டும். கை சூடாகவும் இருக்க வேண்டும், விரல் சுதந்திரமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. (நம் காட்டில் வேட்டைக்குப் போகிறவருக்குக் கையுறை தேவைப்பட்டால் அது முள்ளுக்கும் அட்டைக்கும்தான்.)

விரல் ஏன் முதலில் விறைக்கிறது?

உங்கள் விரலை ஓர் உருளையாக எண்ணிக்கொள்ளுங்கள். விட்டம் ஏறத்தாழ 1.5 செ.மீ. தொடையையும் ஓர் உருளை என்று வைத்து, அதன் விட்டம் 15 செ.மீ. என்று கொள்வோம். உருளையின் வளைபரப்பை அதன் கன அளவால் வகுத்தால் விடை 4-ஐ விட்டத்தால் வகுத்ததற்குச் சமம். கணித நோட்டில் போட்டுப் பாருங்கள். ஒரே அளவு தசைக்கு, தொடையைக் காட்டிலும் விரலுக்குப் பத்து மடங்கு பரப்பு இருக்கிறது. வெப்பம் வெளியேறப் பத்து மடங்கு வாசல்.

போதாக்குறைக்கு விரலுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் தசை இல்லை. விரலை மடக்கிக்கொண்டே முன்கையைத் தொட்டுப் பாருங்கள், அசைவது அங்கேதான். விரலை இயக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே இருந்துகொண்டு, நீண்ட நரம்புக் கயிறு போன்ற தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. ஆகவே விரலுக்கு வெப்பம் இரத்தத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

குளிர் வந்தவுடன் உடல் அந்த வழியையே அடைக்கிறது. இதயம், மூளை, ஈரல் ஆகியவை 37 பாகையில் இருந்தாக வேண்டும். அதற்காகக் கைகால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடல் விரல்களைப் பணயம் வைத்து உயிரைக் காக்கிறது என்றே சொல்லலாம். கை குளிர்ந்தால் தலையை மூடு, மார்பை மூடு என்று குளிர்நாட்டுத் தாய்மார்கள் சொல்வது மூடநம்பிக்கை அல்ல. உடலின் நடுப்பகுதி சூடாக இருந்தால் மூளை இரத்தத்தை மீண்டும் விரலுக்கு அனுப்பும். மெல்லிய சட்டையோடு உலகிலேயே தடித்த கையுறையைப் போட்டாலும் பயன் குறைவுதான். கையுறை ஓர் அடுப்பு அல்ல. வந்து சேர்ந்த வெப்பத்தை அது பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விந்தை உண்டு. தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் விரல்களைப் பனிக்கட்டி நீரில் மூழ்க வைத்து அளந்தார். முதலில் விரல் குளிர்ந்தது. சில நிமிடங்கள் கழித்து, குளிர்நீருக்குள் இருக்கும்போதே, தானாகச் சூடேறியது, பிறகு மீண்டும் குளிர்ந்தது, மீண்டும் சூடேறியது. சுருங்கிய குழாய்கள் இடையிடையே திறந்து மூடுகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருள் ‘வேட்டை எதிர்வினை’. வேட்டைக்காரருக்கும் அதற்கும் தொடர்பில்லை. எதையோ தேடுவதுபோல வெப்பநிலை மேலும் கீழும் அலைவதால் வந்த பெயர். ஆனால் நாள்தோறும் குளிரில் கைவைக்கும் மீன் வெட்டுபவர்களிடமும் வடதுருவப் பகுதி வேட்டைக்காரர்களிடமும் இந்த எதிர்வினை வேகமாக நிகழ்வதாகப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

காற்றுதான் போர்வை

படிவம் இரண்டு அறிவியலில் ‘பெனெபாட் ஹாபா’ என்று படித்திருப்பீர்கள், வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். கம்பளிக் கையுறையில் அந்தப் பொருள் எது என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் கம்பளி என்கிறார்கள். பாதி சரி. உண்மையான காவலாளி கம்பளி இழைகளுக்கு நடுவே சிக்கி நகர முடியாமல் நிற்கும் காற்று.

காற்று வெப்பத்தைக் கடத்தும் திறனை 1 என்று கொண்டால், நீரின் திறன் ஏறத்தாழ 24. எஃகின் திறன் ஏறத்தாழ 2,000. இந்த மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள். கையுறை பற்றிய பாதிக் கேள்விகளுக்கு அவற்றிலேயே விடை இருக்கிறது.

காற்று நகரக் கூடாது. நகர்ந்தால் வெப்பச்சலனம் தொடங்கிவிடும். ஆகவே இழைகள் மெல்லியவையாகவும் அடர்த்தியாகவும் இருப்பது நல்லது. வாத்தின் மென்தூவியும் ‘தின்சுலேட்’ போன்ற மெல்லிய செயற்கை இழைகளும் இந்த வேலையைச் சிறப்பாகச் செய்கின்றன. கனடாவின் இனுவிட் மக்கள் பயன்படுத்தும் கரிபு மானின் முடிக்கு உள்ளேயும் காற்று அடைந்திருக்கிறது. வறண்ட கடுங்குளிருக்குக் கரிபுத் தோல், ஈரமான வேலைக்கு நீர் ஊறாத கடல்நாய்த் தோல் என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். இயற்பியல் நூல் எதுவும் படிக்காமல், விரல்களைக் காக்க வேண்டிய கட்டாயத்தில் கண்டுபிடித்தது அது.

இனி அந்த ரப்பர் கையுறை. மெல்லியது, தோலோடு ஒட்டியது. உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. காற்று வீசுவதை அது தடுக்கும், ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. இறுக்கமான கம்பளிக் கையுறைக்கும் இதே கதிதான். சிறிய அளவை இழுத்து மாட்டினால் இழைகள் நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். இரத்த ஓட்டமும் குறையும். விரல்நுனிக்கும் கையுறையின் நுனிக்கும் நடுவே சிறிது இடம் இருக்க வேண்டும்.

ஈரம் என்னும் திருடன்

மேலே சொன்ன எண்களில் இரண்டாவதைப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே இருந்த காற்றை நீர் வெளியேற்றினால், போர்வை இருந்த இடத்தில் 24 மடங்கு வேகமான பாதை திறக்கிறது. அதோடு நீர் ஆவியாகும்போது தன் பங்குக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பருத்திக் கையுறை நனைந்தால் இல்லாததைவிட மோசம் என்று நான் துணிந்து சொல்வேன். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் உறிஞ்சிக்கொண்டும் நனைந்ததுபோல் தெரியாமல் இருக்கும். மென்தூவி உலர்ந்திருக்கும்வரை அரசன். நனைந்தால் கோழி இறகு மழையில் நனைந்த கதை.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. குளிர்க் கிடங்கில் பெட்டி தூக்குபவரின் கை உள்ளே வியர்க்கிறது. வேலை நடக்கும்வரை தெரியாது. நின்றவுடன் அந்த வியர்வையே விரலைக் குளிர வைக்கும். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து நுண்துளைகள் நிறைந்த படலம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துளை, நீராவி மூலக்கூறு வெளியேறும் அளவுக்குப் பெரிய துளை. கோர்-டெக்ஸ் என்று விற்பது இதுதான். ஆனால் கையுறையின் வெளித்துணி முழுதும் நனைந்துவிட்டால் நீராவி வெளியேறுவது மந்தமாகிவிடும். அதனால் படலத்தைவிட மலிவான ஒரு வழியை நான் நம்புகிறேன்: பையில் உலர்ந்த உட்கையுறை இன்னொரு ஜோடி.

உலோகத்தைத் தொடும் விரல்

துப்பாக்கியின் விசையை அழுத்த வேண்டிய விரல், கேமராவின் பொத்தானை அழுத்தும் விரல், கிடங்கில் இரும்புத் தாழ்ப்பாளைத் திறக்கும் விரல் எல்லாம் ஒரே ஆபத்தில் இருக்கின்றன. மைனஸ் 18 பாகை மரப்பலகையையும் அதே வெப்பநிலையிலுள்ள எஃகையும் தொட்டால் எஃகுதான் கடிக்கும். எஃகு அதிகக் குளிர்ச்சி என்பதால் அல்ல, விரலின் வெப்பத்தை அது மிக வேகமாக இழுத்துக்கொள்வதால். ஈரமான தோல் என்றால் அந்த ஈரம் நொடியில் உறைந்து விரல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழக வீரர்கள் பலர் பணியாற்றிய இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் காவல் இருந்த சியாச்சின் பனியாற்றில் குளிர் மைனஸ் 50 பாகைவரை இறங்குவதுண்டு. அங்கே ஆயுதத்தை வெறுங்கையால் தொடுவதே காயம்.

தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே போனாலே விரலின் லாவகம் குறையத் தொடங்கும். பொத்தான் போட வராது, முடிச்சு அவிழாது. இன்னும் குளிர்ந்தால் தொடு உணர்வும் போய்விடும். சுழியத்துக்குச் சற்றுக் கீழே திசுவே உறைகிறது. அதுதான் பனிக்கடி. வலி நின்றுவிட்டது என்று மகிழும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

1950 ஜூன் 3-ஆம் நாள் பிரான்சின் மொரிஸ் ஹெர்சோக், லூயி லாஷெனல் இருவரும் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணாவின் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காக ஹெர்சோக் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. அவர் பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டியிருக்கலாம். உயரத்தில் குழம்பிய மூளைக்கு அது தோன்றவில்லை. கால்விரல்கள் அனைத்தையும் கைவிரல்களில் பெரும்பகுதியையும் அவர் இழந்தார். கையுறை இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்துவழியாகத் தொங்கவிடும் பழக்கம் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதல்ல என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கடைக்குப் போனால்

மிகச் சூடானது, நான்கு விரலும் ஒரே அறையில் இருக்கும் ‘மிட்டன்’. கட்டைவிரல் மட்டும் தனியே. நான்கு விரல்களும் சேர்ந்தால் தடித்த ஓர் உருளை, வெளிப்பரப்பு குறைவு. விட்டக் கணக்கை மீண்டும் பாருங்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு திறன்பேசியைக்கூடத் தட்ட முடியாது. ஐவிரல் கையுறையில் வேலை நடக்கும், சூடு குறையும்.

வேட்டைக்காரர்கள் கண்ட சமரசம் அடுக்கு முறை. தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உட்கையுறை. அதன்மேல் பெரிய மிட்டன். வேலை வரும்போது மிட்டனை உதறினால், உட்கையுறை உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும். முடிந்தவுடன் கை மீண்டும் உள்ளே. விரல்பகுதியைப் பின்னுக்கு மடித்துவிடும் மிட்டன்களும் விற்கிறார்கள். ஒரே கையுறையில் எல்லாம் வேண்டும் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் விலை உயர்ந்த ஏமாற்றத்தை விற்பார். முதலில் கேட்க வேண்டியது: நடக்கப் போகிறேனா, நிற்கப் போகிறேனா? ஈரம் இருக்குமா? விரலால் என்ன செய்ய வேண்டும்? மணிக்கட்டு மூடாத கையுறையை வாங்காதீர்கள். அங்கே தோலுக்கு அருகில் ஓடும் தமனியை நாடி பார்க்கும்போது தொட்டிருப்பீர்களே, குளிர் அதைத்தான் தேடி வரும்.

யாருக்காவது விரல் வெளுத்து மரத்துப்போனால் பனியால் தேய்க்கக் கூடாது. அது பழைய தவறான வழக்கம். நெருப்பிலும் காட்டக் கூடாது. உணர்வற்ற விரல் வெந்துபோனாலும் தெரியாது. உடல்சூட்டு அளவிலான, அதாவது 37 முதல் 39 பாகை வெந்நீரில் வைத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மீண்டும் உறையும் வாய்ப்பு இருந்தால் அதுவரை சூடேற்றாமல் இருப்பதே நல்லது.

இனி வீட்டுச் சோதனை. ஒரே மாதிரி நான்கு சின்னப் பிளாஸ்டிக் போத்தல்களில் 50 பாகைச் சுடுநீரை நிரப்புங்கள், பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதற்கு உலர்ந்த பள்ளிக் காலுறை. மூன்றாவதற்கு நனைத்துப் பிழிந்த காலுறை. நான்காவதற்கு உலர்ந்த காலுறையைப் போட்டு ரப்பர் வளையங்களால் நெருக்கமாக இறுக்குங்கள். மின்விசிறியை மூன்றாம் எண்ணில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். எது முதலில் குளிரும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே எழுதி மடித்து வையுங்கள். வகுப்பில் பெரும்பாலோர் காலுறை இல்லாத போத்தலையே எழுதுகிறார்கள்.