அடகுக்கடையில் சீஸ், ஆற்றங்கரையில் சட்டம்! தெரியுமா?

நகையை அடகு வைப்போம், நிலப் பத்திரத்தை அடகு வைப்போம். சீஸை அடகு வைத்துக் கடன் வாங்கலாம், தெரியுமா? இத்தாலியில் வாங்குகிறார்கள்! கிரெடிட்டோ எமிலியானோ என்ற வங்கி பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் சக்கரங்களை ஈடாக எடுத்துக்கொண்டு பணம் தருகிறது. கடன் அடையும்வரை அவற்றை முதிரவைக்கத் தனிக் கிடங்குகளே வைத்திருக்கிறது!

எந்தத் தைரியத்தில்? பெயர் தரும் தைரியம்தான். ஐரோப்பாவில் 1992-ல் வந்த சட்டப்படி, பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு பெற்ற உணவை அந்த ஊர்க்காரர்கள், அந்த முறைப்படி செய்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். பழனி பஞ்சாமிர்தம் 2019-ல் வாங்கியதே புவிசார் குறியீடு, அதற்கு இது உறவுதான். ஆனால் கறாரில் ஒரு படி மேல்!

எவ்வளவு கறார் என்றால், பார்மிஜானோவுக்கு ஆறுதான் எல்லை! பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள் முழுக்கச் செல்லும். மாந்துவாவிலோ போ ஆற்றின் வலக்கரை மட்டும். இடக்கரையில் கறந்த பாலா? பார்மிஜானோ ஆகவே ஆகாது! மாட்டுக்கு ஊறுகாய்ப் புல், அதாவது புளிக்கவைத்த தீவனம், போடக் கூடாது. முந்தின நாள் மாலைப் பாலை இரவு முழுக்க வைத்து, மேலே திரண்ட ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு கலந்து செம்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். பால், உப்பு, உறைய வைக்கும் ரென்னட். அவ்வளவுதான், வேறொன்றும் கிடையாது! சுமார் 40 கிலோ சக்கரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால். குறைந்தது 12 மாதம் முதிர்ந்ததும் பரிசோதகர் சிறு சுத்தியலோடு வருவார். மேலே தட்டுவார், பக்கத்தில் தட்டுவார், காதைக் கூர்மையாக்கிக் கேட்பார். உள்ளே விரிசலோ பொள்ளலோ இருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். தேறாத சக்கரத்தின் தோலில் இருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்!

இங்கிலாந்தில் இன்னும் விசித்திரம். ஸ்டில்டன் சீஸை ஸ்டில்டன் ஊரில் செய்ய முடியாது, தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டில் வடக்கு நெடுஞ்சாலைப் பயணிகள் அவ்வூர்ச் சத்திரத்தில் வாங்கிப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டமோ டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றுக்கு மட்டும் உரிமை தந்திருக்கிறது. ஸ்டில்டன் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷயரில்!

பிரான்சின் ரோக்ஃபோர் ஊராருக்கு, தங்கள் குகைகளில் சீஸை முதிரவைக்கும் தனியுரிமையை 1411-லேயே மன்னர் ஆறாம் சார்லஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். பாறை வெடிப்புகள் வழியே வரும் குளிர்ந்த ஈரக் காற்றில்தான் அந்தச் செம்மறியாட்டுப்பால் சீஸில் நீலப் பூஞ்சை படர்கிறது. ஃபெட்டா என்ற சீஸ் பெயர் கிரேக்கத்துக்கே சொந்தம் என்பதை எதிர்த்து டென்மார்க்கும் ஜெர்மனியும் நீதிமன்றம் போயின. 2005-ல் கிரேக்கமே வென்றது! எளிய மேய்ப்பர்களின் உழைப்புக்கு இப்படியொரு காவல் கிடைத்தது எவ்வளவு நியாயம்!

ஐரோப்பாவுக்குள் பார்மசான் என்ற பெயரும் பார்மிஜானோவுக்கே உரியது என்று 2008-ல் தீர்ப்பாயிற்று. வெளியே அந்தக் காவல் எல்லா நாட்டிலும் இல்லை. ஆகவே துண்டாக வாங்கும்போது தோலைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று பதிந்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள்!