புது ஊரில் ஒரு நட்புக்கு எத்தனை மணி நேரம்?

பேராவிலிருந்தோ கெடாவிலிருந்தோ வேலை தேடி ஜொகூரின் ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகை வீடு கிடைத்துவிடுகிறது. ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் பிள்ளைக்குப் பள்ளியிலும் இடம் கிடைத்துவிடுகிறது. எளிதில் கிடைக்காதவர், திடீரென்று காய்ச்சல் கண்ட சின்னவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பெரியவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சொல்லக்கூடிய ஒருவர்தான். ஓராண்டு கடந்தும் அப்படி ஒருவர் அமையாவிட்டால், பெற்றோர் பலர் தங்களுக்குப் பழகத் தெரியவில்லை என்று மனம் சோர்கிறார்கள். சிலர் ஜொகூர் பாருவே அவசரக்காரர்களின் ஊர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறை அவர்களிடமும் இல்லை, ஊராரிடமும் இல்லை என்பதே என் எண்ணம். ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும் ஏற்பாடு வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. அந்த ஏற்பாட்டை நாமே திரும்ப உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்நாளைய ரப்பர்த் தோட்டத்தில் யாரும் நட்பைத் தேடிப் போனதில்லை. விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டிலும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விடும்போதும், பால் நிறுக்கும் இடத்திலும், சாயங்காலம் குழாயடியிலும் அதே முகங்கள்தாம் எதிர்ப்பட்டன. அது பொற்காலம் ஒன்றுமில்லை. வறுமையும், வெளியேற வழியின்மையும், ஒருவர் வீட்டுச் சண்டை லயம் முழுவதும் கேட்கும் சங்கடமும் சேர்ந்துதான் அந்த நெருக்கத்தை உண்டாக்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, குடும்பங்கள் தாமான்களுக்கு வந்தன. வீடு பெரிதானது, கேட்டும் வந்தது. எதிர்பாராமல் சந்திக்கும் இடங்கள் மட்டும் வரவில்லை. அவை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1950இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று அவர்கள் பார்த்தபோது, குணப்பொருத்தத்தைவிட வாசல்களுக்கு இடையிலான தூரமே அதிகம் தீர்மானித்தது. படிக்கட்டு ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள்.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, நேரமும் செலவாக வேண்டும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறியவர்களிடமே இதைக் கேட்டு 2018இல் வெளியிட்டார். அறிமுகம் சாதாரண நட்பாகச் சுமார் 50 மணி நேரம், நல்ல நட்பாகச் சுமார் 90, நெருங்கிய நட்பாக 200க்கும் மேல் ஆகிறது என்பது அவருடைய கணக்கு. அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆனாலும் வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்துப் பார்த்தால், முதல் படிக்கே அரையாண்டு, இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு முழுப் பள்ளியாண்டு, நெருங்கிய நட்புக்கு இரண்டு ஆண்டு. ஆறாவது மாதத்தில் 'இந்த ஊர் ஒட்டவில்லை' என்பவர்கள் உண்மையில் நெருங்கிய நட்புக்குப் பாதி வழியில்கூட இல்லை. ஹால் கண்ட இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் நட்பை அவ்வளவாக வளர்ப்பதில்லை, ஓய்வாக உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் நேரம்தான் வளர்க்கிறது.

நேரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஜொகூரில் அது மற்ற ஊர்களைவிடக் கூர்மையானதும்கூட. விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு திரும்பும் அப்பா அம்மாக்கள் இங்கே ஏராளம். போதாக்குறைக்கு 2014 தொடங்கி 2024 முடியும்வரை ஜொகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெற்றோருக்கு ஞாயிறு ஓய்வென்றால், பிள்ளைக்கு அன்று பள்ளி. பல வீடுகளில் எல்லாரும் சேர்ந்திருந்தது சனி ஒரு நாள்தான். அதையும் துணி துவைப்பதும் சாமான் வாங்குவதும் தின்றுவிட்டன. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறுக்குத் திரும்பியிருக்கிறது. இதை நிர்வாகச் செய்தியாக மட்டும் பார்க்கக் கூடாது. இழந்திருந்த ஒரு பொது நாள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதில் இரண்டு மணி நேரத்தைத் தமிழ்ப்பள்ளி, கோயில் போன்ற ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில் ஒதுக்குவது இன்று சாத்தியம். வாரம் ஒரு புது நிகழ்ச்சிக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் முதல் மணி நேரத்திலேயே நிற்கிறார்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் கேட்கலாம், அவசரத்துக்குப் பிள்ளையை ஒப்படைக்க அந்தப் பழக்கம் போதாது. பிள்ளை வழி வரும் நட்பு பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்ததும் போய்விடும் என்ற ஐயத்தில் சற்று உண்மை உண்டு. ஆனால் ஆறு ஆண்டுகள் சிறிய காலமல்ல, 200 மணி நேரத்துக்குத் தாராளமாகவே போதும். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் மட்டும் என்றால் வட்டம் குறுகிவிடாதா என்பதுதான் கனமான கேள்வி. குறுகும். அதே தெருவின் மலாய், சீனக் குடும்பங்களுடன் நட்பு அமைய வேறொரு நிலையான இடம் வேண்டும். மாலையில் பிள்ளைகள் விளையாடும் தாமான் திடல் அதற்கு ஏற்றது. அங்கும் விதி ஒன்றுதான், அதே நேரத்துக்குப் போய்க்கொண்டே இருப்பது.

இந்தச் சுமை முழுவதையும் புதிதாக வந்தவர் தலையில் வைப்பது சரியல்ல. ஏற்கெனவே வேரூன்றியவர்களுக்கு நண்பர்கள் போதுமான அளவு இருப்பதால் புதியவரைத் தேட அவர்களுக்கு அவசியம் வருவதில்லை. எனவே அழைக்கும் வேலையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டமும் கோத்தோங் ரோயோங்கும் ஏற்கெனவே நடக்கின்றன. ஆனால் வகுப்பறைக்கு வண்ணம் அடித்து முடித்ததும் எல்லாரும் வண்டியேறிவிட்டால், நட்பை வளர்க்கும் அந்த ஓய்வு நேரம் தொடங்குவதே இல்லை. வேலை முடிந்த பின் தேநீரும் மீ கோரெங்கும் வைத்து, அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த குடும்பங்களைப் பழைய குடும்பங்களோடு ஒரே மேசையில் உட்காரவைக்கப் பெரிய செலவு ஆகாது. அதை ஆண்டுக்கு ஒரு முறை நடத்தாமல், மாதந்தோறும் குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமையில் நடத்த வேண்டும்.