முதியோர் இல்லத்துக்குள் கொரோனா எந்த வாசலால் நுழைந்தது?

துறைமுக நகரான திருகோணமலையில் பெற்றோரைப் பிள்ளைகள் வீட்டில் வைத்துப் பார்ப்பதே வழமை. பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட, முதியோர் இல்லத்தை நாடும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கனடாவின் அனுபவத்தை அறிந்திருப்பது நல்லது.

2020இல் முதல் அலையின்போது அங்கு கொவிட்டால் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். உறவினர்களுக்கு மார்ச்சிலேயே கதவு மூடப்பட்டது. ஆனால் குறைந்த சம்பளத்தால் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை செய்த ஊழியர்கள் ஊடாகத் தொற்று உள்ளே வந்தது. நான்கு கட்டில் போட்ட அறைகளில் வேகமாகப் பரவியது. ஓர் ஊழியர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு ஒன்ராறியோவில் ஏப்ரலில்தான் வந்தது.

ஆகவே இல்லம் தேடுவோர் கேட்கவேண்டியவை: ஓர் அறையில் எத்தனை பேர்? ஊழியருக்குச் சம்பளத்துடன் சுகவீன விடுமுறை உண்டா? தொற்றுக் காலத்தில் பெற்றோரைப் பார்க்க என்ன வழி?